ஒரு படகில் மூன்று இருக்கைகள்

எங்கள் வீட்டுக் கார் போர்ச்சின் கூரையில் ஒரு சிவப்புக் கனூ படகு கவிழ்ந்து தொங்குகிறது. அதற்குள் மூன்று இருக்கைகள். வீட்டில் இருப்பதோ நாங்கள் இரண்டு பேர். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மூணாவது ஆளு யாரு?" என்று தவறாமல் கேட்பார்கள். தொடக்கத்தில் பொறுமையாக விளக்கினேன். இரண்டு பேர் போனால் முன்னும் பின்னும் உள்ள இருக்கைகள், ஒருவர் மட்டும் போனால் நடு இருக்கை, மூன்றும் ஒரே சமயத்தில் நிரம்பாது என்று. இப்போதெல்லாம் "என் மாமியாருக்கு" என்று சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சிரித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறார். எனக்குள்ள பொறுமை அவ்வளவுதான்.

ஆனால் அந்த மூன்று இருக்கைகளைப் பற்றி ஒருநாள் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். என் மனைவிக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி அதற்குள் இருக்கிறது. வாயால் சொல்ல வராத ஆளுக்கு எழுத்தில் மட்டும் வந்துவிடுமா என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில், தாமான் என்று நாங்கள் சொல்லும் ஒரு குடியிருப்பில் எங்கள் வீடு. நான் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறவன். இயந்திரம் பேச்சைக் கேட்காவிட்டால் திட்டுவேன். மனிதர்களையும் அப்படியே திட்டுவேன். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் தங்கைகள் சொல்வார்கள். மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. இருபத்தைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதாலும் குரலை உயர்த்தாதவள். எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருடம் ஆகிறது. அதில் யாருக்குப் பொறுமை அதிகம் என்று யாரும் கேட்டதில்லை.

மகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு வீடு வெறிச்சோடிப் போனது. ஒரு சனிக்கிழமை குளுவாங்கில் ஒரு தூண்டில் கடைக்குப் போனோம். கடைக்காரர் அறுபதைத் தாண்டிய சீனர். தமிழர்கள் வேலை செய்த ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். நாங்கள் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவோம். கடையின் பின்கட்டில் அந்தச் சிவப்புக் கனூ சும்மா கிடந்தது. நான் தூண்டில் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் மனைவி கனூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது ஆத்துக்குப் போகுமா?" என்று கேட்டாள். தவுக்கே அடுத்த வாரமே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் கனூவை விலைக்கு வாங்கிவிட்டோம்.

ஜொகூரில் எங்கே பாயும் தண்ணீர் இருக்கிறது என்று கேட்பவர்கள் நிறைய. கஹாங்கைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் குலுங்கிக் குலுங்கிப் போனால், எண்டாவ் பக்கத்து மலைகளிலிருந்து ஓர் ஆறு இறங்கி வரும். பாறைகளுக்கு இடையே ஆறு நுரைத்துப் பாயும் இடத்தை இங்கே ஜெராம் என்போம். நாங்கள் போகும் பகுதியில் நான்கு ஜெராம். பெரிய ஆட்டக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஐம்பது வயதில் துடுப்புப் பிடித்த எங்களுக்கு அந்த நான்கே போதும்.

இரண்டு வருடம் அப்படிப் போனோம். அவள் முன்னால், நான் பின்னால். பின்னால் இருப்பவர்தான் படகைத் திருப்புகிறவர். முன்னால் இருப்பவர் பாறையைப் பார்த்துச் சொல்லி, துடுப்பை இழுத்துப் போட வேண்டும். அவள் பார்த்துச் சொல்வாள். நான் அதைக் கேட்காமல் கத்துவேன். "வலது! வலதுன்னு சொன்னேன்லா! தூங்குறியா?" என்று நான் போட்ட சத்தத்தில் கரையோரக் குரங்குகள் இடத்தைக் காலி செய்திருக்கின்றன. அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். அவளுடைய முதுகு மட்டும் எனக்குத் தெரியும். அந்த முதுகில் எந்தக் கோபமும் தெரியாததால் கோபம் இல்லை என்றே நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வருடம் என் நெஞ்சில் மூன்று அடைப்பு என்றார்கள். நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, வேலையை முடித்து, கம்பி போட்டுக் கட்டி அனுப்பினார்கள். என் உயிரைக் கையில் வைத்திருந்த அந்த டாக்டருக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும். அவர் கை நன்றாக இருக்கட்டும். கனமானது எதையும் தூக்கக்கூடாது, கையை வீசி இழுக்கக்கூடாது, படகு விஷயத்தை ஒரு வருடம் கழித்துப் பேசலாம் என்றார். பேசலாம் என்றாரே தவிரப் போகலாம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் வீட்டில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் என்றால் சும்மா சொல்லவில்லை. காலையில் போர்ச்சில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் வெயில் காலடிக்கு வரும்வரை எழ மாட்டேன். படகைப் பார்த்தால் எரிச்சல் வரும். இனி அந்த ஆற்றுக்கு நான் போகப் போவதில்லை என்று எனக்குள் முடிவாகிவிட்டது. ஒருநாள், "இத வித்துடலாம்" என்றேன்.

அவள் துணி காயப் போட்டுக்கொண்டே சொன்னாள். "விக்க வேணாம். நான் தனியா போறேன். தனியா போற மாதிரி மாத்திக் குடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வேலை என்று வந்ததும் மூளை ஓடத் தொடங்கியது. ஒருவர் போகும் படகாக மாற்றுவது எளிது. பழைய பலகை இருக்கைகளைக் கழற்றிவிட்டு, நடுவில் ஒரு நுரைக்கட்டை, இரண்டு முனையிலும் காற்றுப் பை, அவ்வளவுதான். ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அவள் பார்த்தாள்.

"உங்க இடம் எங்க?"

"எனக்கெதுக்கு?"

"உங்க இடத்த எடுக்காதீங்க. ரெண்டு பேரும் போற மாதிரியும் இருக்கணும், நான் மட்டும் போற மாதிரியும் இருக்கணும். முடியாதுன்னா தவுக்கேகிட்ட கேக்குறேன்."

முடியாது என்ற சொல்லை மெயின்டனன்ஸ்காரனிடம் சொல்லக்கூடாது. அது அவளுக்குத் தெரியும். மறுநாள் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

ஒருவருக்கும் இருவருக்கும் ஒரே படகு என்பது கேட்க எளிதாக இருக்கும். செய்யும்போதுதான் ஒன்றை ஒன்று இடிக்கும். பாயும் தண்ணீரில் கனூவில் உட்கார்ந்து போவதில்லை, மண்டியிட வேண்டும். நுரைக்கட்டையில் இடுப்பைத் தாங்கவிட்டு, இரண்டு காலையும் அதன் இரு பக்கமும் மடக்கி, முட்டியைப் படகின் உள்தளத்தில் ஊன்ற வேண்டும். தொடையின் மேல் ஒரு வார் வரும். அந்த வார் படகில் ஒட்டிய வளையங்களில் மாட்டியிருக்கும். வார் பிடித்தால்தான் ஆளும் படகும் ஒன்றாகச் சாயும், ஒன்றாக நிமிரும். பிடிக்காவிட்டால் ஆள் ஒரு பக்கம், படகு ஒரு பக்கம்.

ஆள் இல்லாத இடத்தையெல்லாம் காற்றுப் பை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் அங்கே தண்ணீர் நிரம்பிவிடும். இரண்டு பேர் போனால் நடு காலி, பை அங்கே. ஒருவர் போனால் முனைகள் காலி, பைகள் அங்கே. ஆகவே முன், பின் இருக்கைகளை நிரந்தரமாக ஒட்டிவிட்டு, நடு இருக்கையை மட்டும் கழற்றி மாட்டும்படி செய்வது என்று முடிவு செய்தேன். அதைப் பிடித்துக்கொள்ள அடியில் நான்கு வளையம், தொடை வாருக்கு இன்னும் நான்கு வளையம். நடு இருக்கைக்கு மொத்தம் எட்டு வளையம். எல்லாமே பசையில்தான் நிற்க வேண்டும். படகில் ஆணி அடிக்க முடியாது.

இருக்கையின் உயரம் பார்க்க அவளைப் போர்ச்சில் மண்டியிட வைத்தேன். பழைய நாளிதழ்க் கட்டுகளை அவளுக்குக் கீழே அடுக்கினேன். தாழ்ந்தால் முட்டி வலிக்கும், உயர்ந்தால் படகு ஆடும். ஒரு கட்டு வைத்து, அரைக் கட்டு எடுத்து, மறுபடி கால் கட்டு வைத்து அரை மணி நேரம் ஓடியது. நானோ அவளுக்குப் பின்னால் நின்று அளவுகோலைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மக்சிக், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்து, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார். அவருக்கும் என் நன்றி.

படகைக் குறுக்காக ஒரு பிவிசி குழாயின் மேல் வைத்து முன்னும் பின்னும் உருட்டி, அது சமமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்தேன். அதற்குச் சற்றுப் பின்னால் நடு இருக்கை. நுரைக்கட்டையை ரொட்டி வெட்டும் கத்தியால் அறுத்தேன். கனம் தூக்கத்தான் எனக்குத் தடை, தேய்க்கத் தடையில்லை. உப்புத்தாள் போட்டு மணிக்கணக்கில் தேய்த்தேன். முட்டிக்கு அடியில் வரும் மெத்தைகளை ஒட்டினேன். முன், பின் இருக்கைகளையும் அவற்றின் வளையங்களையும் ஒட்டினேன். அந்த நாட்களில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "இருலா, பசை காயுது" என்று பதில் சொன்னேன். ஒருநாள் அப்படிச் சொன்னபோது அவள் உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று நான் கேட்கவில்லை.

நடு இருக்கையின் எட்டு வளையம் மட்டும் பாக்கி இருந்தபோது ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா சிகாமட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வெட்டுக்கத்தியைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பார். துரு பிடிக்காது, பார்க்கவும் பளபளக்கும். நானும் அதையே செய்கிறேன். ஸ்பானர், டிரில், சைக்கிள், காரின் டயர் வரை எண்ணெய் பார்க்காமல் எதுவும் எங்கள் வீட்டில் பூஜைக்குப் போவதில்லை. அந்த வருடம் உயிரோடு திரும்பி வந்து செய்யும் பூஜை. மனைவி சமையலறையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்த நேரம், ஒரு முழு போத்தல் எண்ணெயை எடுத்து, பழைய பனியனில் நனைத்து, படகை உள்ளும் புறமும் துடைத்தேன். சிவப்பு நிறம் கண்ணைப் பறித்தது. முன்னால் சந்தனம், குங்குமம், கதம்பம். கீழே எலுமிச்சம்பழம். சாம்பிராணி காட்டும்போது எனக்குக் கண் கலங்கியது. அந்தப் படகைப் போல அழகான பொருளை அந்தத் தாமான் பார்த்திருக்காது.

நான்கு நாள் கழித்து எட்டு வளையத்தையும் ஒட்ட வேண்டும். அவை நடுவில் இருப்பதால் நெஞ்சை வளைத்துக் குனிய வேண்டும். எனக்கு வலித்தது. "தள்ளுங்க, நான் ஒட்டுறேன்" என்று அவள் முட்டி போட்டுக் குனிந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டேன். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு தடவை துடைத்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி தொடைக்கவா?"

"போதும்லா. அந்தப் பக்கம் பூசின பசை காஞ்சுடும். அமுக்கு, நல்லா அமுக்கு."

அவள் அமுக்கினாள். அன்று மாலை எட்டு வளையமும் வரிசையாக நின்றன. நான் ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துப் பார்த்து, மேலதிகாரி போலத் தலையாட்டினேன்.

தாமானுக்குப் பின்னால் உள்ள குளத்தில் அவள் தனியாகப் பழகினாள். அசையாத தண்ணீரில் வாருக்கு வேலையே இல்லை. எல்லாம் நன்றாக இருந்தது. ஆண்டு முடிவின் அடைமழை ஓய்ந்து, ஆறு வடிந்ததும், மார்ச் மாதம் கஹாங் தாண்டிப் போனோம். தவுக்கே தன் படகில் முன்னே போனார். நான் கரையில், இரண்டாவது ஜெராமுக்குப் பக்கத்துப் பாறையில், தண்ணீர்ப் போத்தலோடு நின்றேன்.

முதல் ஜெராமை அவள் தாண்டிய விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அலட்டலே இல்லை. படகு அவள் சொன்ன இடத்துக்குப் போனது. நான் பின்னால் இருந்து கத்திய இரண்டு வருடத்தில் அது ஒருநாளும் அவ்வளவு நேராகப் போனதில்லை. பெருமையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. இரண்டாவது ஜெராமில் படகு ஒரு பாறையை உரசிச் சாய்ந்தது. அவள் சரியாகத்தான் இடது பக்கம் சாய்ந்து துடுப்பை ஊன்றினாள். அந்த நொடியில் இடது தொடை வார் வளையத்தோடு பிய்ந்து வந்தது. ஆள் ஒரு பக்கம், படகு ஒரு பக்கம்.

அவள் தலை தண்ணீருக்கு மேலே வரும்வரை நான் மூச்சுவிடவில்லை. தண்ணீரில் குதிக்க எனக்குத் தடை. குதித்தாலும் நீந்துமளவுக்கு நெஞ்சு இல்லை. பாறையில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்துவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. தவுக்கே கயிறு வீசி அவளை இழுத்தார். முட்டிக்குக் கீழே கல் கிழித்திருந்தது. ரத்தம் கணுக்கால் வரை ஓடியது.

பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அவளுக்குக் காலில் துணி கட்டும்போதே ஆரம்பித்தேன். "அமுக்குன்னு சொன்னேன்ல? அமுக்கினியா? நான் ஒட்டினதெல்லாம் பாரு, ஒண்ணாவது அசையுதா? நீ ஒட்டினது மட்டும்தான் பிஞ்சிருக்கு!" உண்மையும் அதுதான். என் மெத்தைகள், என் முன், பின் வளையங்கள் எல்லாம் அசையாமல் நின்றன. அவள் ஒட்டிய எட்டில் மூன்று கையோடு வந்தன. சாட்சி அவ்வளவு பலமாக இருந்தால் எந்த நீதிபதியும் என் பக்கம்தான் தீர்ப்பு சொல்வார். தவுக்கே என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவள், "வலிக்குது, போலாமா?" என்று மட்டும் கேட்டாள். கிளினிக்கில் ஐந்து தையல் போட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஆற்றுப் பேச்சை எடுக்கவில்லை. தையல் பிரித்த பிறகும் எடுக்கவில்லை. "அடுத்த வாரம் போறியா?" என்று கேட்டால், "கால் ஆறட்டும்" என்பாள். கால் ஆறியது, வடு வெளுத்தது, படகு கூரையில் தொங்கிக்கொண்டே இருந்தது. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நான் போக முடியாத இடத்துக்கு இனி அவளும் போக மாட்டாள். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு மாதமும் நான் நிம்மதியாகத்தான் தூங்கினேன். பகலில் மறுபடி அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரத் தொடங்கினேன்.

மே மாதம் ஒரு வேலையாகக் குளுவாங் போனபோது தவுக்கே கடையில் இறங்கினேன். இருக்கட்டும் என்று ஒரு டின் பசை கேட்டேன். அவர் எடுத்து மேசையில் வைத்தார். கையை எடுக்காமல் சொன்னார்.

"அண்ணே, இந்த வாட்டி எண்ணெ தடவாதீங்க."

"என்ன எண்ணெ?"

அவர் டின்னிலிருந்து கையை எடுத்தார். பிறகு, சொல்லக்கூடாது என்று வாக்கு கொடுத்ததாகவும், இரண்டு மாதமாகப் படகு தொங்குவதைக் கேட்டு மனது கேட்கவில்லை என்றும் சொன்னார்.

"அன்னைக்கே பார்த்தேன். பிஞ்ச வளையத்துல பசை அப்படியே இருக்கு. படகுல ஒரு பொட்டு இல்ல. வெரல் வச்சா வழுக்குது. மோந்து பார்த்தா தேங்கா எண்ணெ. ஒங்க வீட்டம்மாகிட்ட காட்டினேன். 'தெரியும் தவுக்கே, பூஜைக்கு அவருதான் தொடச்சாரு, அவருகிட்ட சொல்லாதீங்க'ன்னாங்க."

"ஏன்?"

"'ஆபரேஷனுக்கு அப்புறம் அவரு எழுந்து செஞ்ச ஒரே வேல அது. அதுல தப்பு அவரு பேருலன்னு தெரிஞ்சா மறுபடி நாற்காலியில ஒக்காந்துடுவாரு'ன்னாங்க. ரத்தம் ஓடுது, அப்பத்தான் சொல்றாங்க."

பசை டின்னை எடுத்துக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தேன். சாவியைப் போடத் தோன்றவில்லை. எண்ணெய் தடவிக்கொண்டு புரண்டாலும் ஒட்டுவதுதான் ஒட்டும் என்று நம் ஆட்கள் விதியைப் பற்றிச் சொல்வார்கள். என் படகில் விதிக்கு ஒரு வேலையும் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பூஜைக்கு முன்னால் ஒட்டியது நின்றது. பின்னால் ஒட்டியது பிய்ந்தது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எதுவும் ஒட்டாது என்பதைத் தொழிற்சாலையில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் ஆள் நான். இன்னொரு முறை துடைக்கவா என்று அவள் கேட்டதும் நினைவுக்கு வந்தது.

எல்லாவற்றையும்விட ஒன்று என்னைக் குத்தியது. அவள் பயந்து நிற்கவில்லை. அந்த வளையங்களை நம்பித் தனியாகப் போக முடியாது. ஏன் போக முடியாது என்று சொன்னால் நான் உடைந்துவிடுவேன். அதனால் கால் ஆறட்டும் என்று சொல்லிக்கொண்டு, தனக்குப் பிடித்த ஆற்றையே என் பொருட்டு விட்டுவிட்டு நின்றாள். நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். வாசலில் அவளைப் பார்த்ததும், "பசை வாங்கிட்டு வந்தேன்" என்றுதான் வந்தது. என் வாய்க்குத் திட்டத் தெரிந்த அளவுக்கு வேறு எதுவும் தெரியாது.

மறுநாள் படகை இறக்க ஆள் பிடித்தேன். எட்டு வளையத்தையும் உரித்தேன். படகின் நடுவை ஸ்பிரிட் போட்டு மூன்று முறை துடைத்தேன். தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். எண்ணெய் இருந்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், போய்விட்டால் பரவும். முத்தாக நின்றது. மறுபடி துடைத்தேன். உப்புத்தாள் போட்டேன். தண்ணீர் விரித்த துணியாகப் பரவும் வரை இரண்டு நாள் அதையே செய்தேன். அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். நான் தேய்க்கும் இடத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்படியே உள்ளே போய்விட்டாள். இந்த முறை நானே குனிந்து ஒட்டினேன். நெஞ்சு கொஞ்சம் வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டேன்.

பசை ஒரு வாரம் முழுக்கக் காய்ந்த பிறகு, "வளையம் எல்லாம் நிக்கும். நம்பிப் போலாம்" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் கிளம்பிவிட்டாள். இரண்டாவது ஜெராமில், அதே பாறையில், அதே பக்கம் சாய்ந்து, துடுப்பை ஊன்றி நிமிர்ந்தாள். வார் பிடித்தது. கீழே அமைதியான தண்ணீருக்குப் போய்த் துடுப்பைத் தூக்கிக் காட்டினாள். கரையில் நான் கைதட்டினேன். தவுக்கே என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய வாக்கு தவறிய வாய்க்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

ஜூலையில் டாக்டர் என்னை ஓட விட்டு, நடக்க விட்டு, நெஞ்சில் ஈசிஜி கம்பிகளை ஒட்டிப் பார்த்துவிட்டு, சின்ன ஜெராம் என்றால் போகலாம், படகைத் தூக்கக்கூடாது, மூச்சு வாங்கினால் நிறுத்த வேண்டும் என்றார். வெளியே வந்ததும் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கார் நிறுத்துமிடம் வரை விடவில்லை. எங்களைப் போன்ற ஆட்கள் பொது இடத்தில் கைபிடித்து நடப்பதில்லை. அன்றைக்கு நடந்தோம்.

ஆகஸ்டில் போனோம். நடு இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் பெரிய காற்றுப் பையை ஊதிக் கட்டினேன். வழக்கம்போலப் பின் இருக்கைக்கு நடந்தேன்.

"அங்க இல்ல" என்றாள். "நீங்க முன்னால."

"திருப்புறது யாரு?"

"நான்தான். இழுத்துத் திருப்புனா ஒங்க நெஞ்சு தாங்காது. எடையும் இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஏறுங்க."

தவுக்கே எங்கோ பார்ப்பதுபோல நின்றார். நான் முன்னால் ஏறி மண்டியிட்டேன். அவளுக்காக ஒட்டிய மெத்தையில் என் முட்டி பதிந்தது. வாரை இழுத்து மாட்டினேன். படகு கரையை விட்டு நகர்ந்தது.

முன் இருக்கையில் நான் அதுவரை ஒருநாளும் இருந்ததில்லை. முன்னால் ஆறு மட்டும்தான். தண்ணீர் நேராக முகத்துக்கு வருகிறது. படகை யார் எப்படித் திருப்புகிறார் என்று தெரியாது. பின்னாலிருந்து வரும் குரல் ஒன்றுதான் துணை. அந்தக் குரல் இரண்டு வருடம் என்னுடையதாக இருந்திருக்கிறது. இங்கே மண்டியிட்டு, இவ்வளவு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, தூங்குறியா என்ற என் கத்தலைக் காதில் வாங்கியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. துடுப்பு தண்ணீரில் இறங்கும் ஓசை மட்டும் கேட்டது.

முதல் ஜெராம் அப்படியே தாண்டியது. அதற்கும் அடுத்ததற்கும் இடையில் ஆறு அகன்று கொஞ்ச தூரம் சும்மா ஓடும். அவள் முகம் தெரியாத இடத்தில் இருக்கிறேன். இங்கே சொல்லாவிட்டால் எங்கேயும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எண்ணெ தடவினது நான்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சும் நான் திட்டினத வாங்கிக்கிட்டியே. அஞ்சு தையலோட."

பின்னால் துடுப்பு ஒருமுறை நின்று, மறுபடி தண்ணீரில் இறங்கியது. இரண்டாவது ஜெராமின் சத்தம் கேட்கத் தொடங்கியது. திரும்பிப் பார்க்கலாம் என்று தோள்பட்டையை அசைத்தேன்.

"திரும்பாதீங்க" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. "நீங்க முன்னால ஒக்காந்திருக்கீங்க, அது போதும் எனக்கு. துடுப்ப எடது பக்கம் போடுங்க."

என் கண்ணுக்குத் தெரிந்த பாறையும் இடது பக்கம்தான் இருந்தது. வலது பக்கம் போட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்காமல் இடது பக்கம் போட்டேன்.